குப்பை என்று நான் சொல்லிக்கொடுத்தது

முகப்பேரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பிரேயரில் மைக் கரகரத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் மெயில் சர்வர் என் கையால் ஆனது என்ற பெருமை ஒன்று போதுமானதாக இருந்தது.

ஆபீஸுக்குப் பின்னால் யுபிஎஸ் பேட்டரிகள் வைத்திருக்கும் சின்ன அறை. லேபிலிருந்து கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோய் வைத்து, லினக்ஸ் ஏற்றி, ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஆபீஸுக்கும் பள்ளியின் பெயரிலேயே மெயில் முகவரி கொடுத்தேன். பெரிய கம்பெனிகளிடம் இந்தச் சேவையை வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டபோது, "எதுக்கு சார், நம்ம லெட்டர் நம்ம கட்டடத்துலயே இருக்கட்டுமே" என்றேன். பள்ளியை நடத்துகிற தாளாளருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய்விட்டது. பெற்றோர் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அந்தக் கைதட்டலை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான் பிறகு என்னைப் பொய் சொல்ல வைத்தது. அதனால்தான் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் சும்மா சும்மா போன் செய்து ஆபீஸைத் தொந்தரவு செய்கிறார்கள், இனிமேல் எதுவானாலும் மெயிலில் எழுதச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவனும் நான்தான். சுற்றறிக்கை போனது. வழவழப்பான தாளில், நல்ல ஆங்கிலத்தில்.

அந்தச் சுற்றறிக்கையைப் பள்ளியின் இணையதளத்திலும் போட்டோம். ஆபீஸ் முகவரி அதில் பளிச்சென்று இருந்தது. ஒரே மாதத்தில் குப்பை கொட்ட ஆரம்பித்தது. லாட்டரி விழுந்திருக்கிறது, பார்சல் நிற்கிறது, முடி வளரும், கடன் கிடைக்கும். ஆபீஸ் முன்வரிசையில் உட்காரும் அக்கா காலையில் வந்ததும் முதல் அரை மணி நேரம் அவற்றை அழிப்பதிலேயே செலவிட்டார். சர்வரில் குப்பையைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் இருந்தது. வருகிற ஒவ்வொரு மெயிலையும் அது சோதித்து மார்க் போடும். பரீட்சைக்கு நேர்மாறு. மார்க் ஏற ஏற மெயில் மோசம் என்று அர்த்தம். ஐந்தைத் தொட்டால் குப்பை.

ஒருநாள் அட்மிஷனுக்கு வந்திருந்த பெற்றோருக்குப் பெரிய திரையில் ஏதோ காட்டுவதற்காகத் தாளாளர் தன் மெயிலைத் திறந்தார். முதல் மெயிலிலேயே அரைகுறை ஆடையில் ஒரு பெண். திரை ஆறடி. அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே ஒண்ணு கூட வரக்கூடாது தம்பி. ஒண்ணு கூட."

அவமானத்தோடு யுபிஎஸ் அறைக்குப் போய் ஐந்தை மூன்றரை ஆக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். வழக்கமாகக் குப்பை மெயில் அவரவர் பெட்டியிலேயே தனி ஃபோல்டரில் விழும். வேண்டுமானால் அவர்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம். அது கூட யார் கண்ணிலும் படக்கூடாது என்று, எல்லோருடைய குப்பையும் ஒரே பொதுப்பெட்டிக்குப் போகும்படி மாற்றினேன். அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும். தினமும் திறந்து பார்த்து, தவறி விழுந்த நல்ல மெயிலை எடுத்துக் கொடுப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. பார்ப்பதற்குப் பதிலாக இன்னொரு காரியம் செய்தேன். அந்தப் பெட்டியில் விழுகிற எல்லாவற்றையும் 'இது குப்பை' என்று ஃபில்டர் தினமும் தானே படித்துக்கொள்ளும்படி ஒரு கட்டளை எழுதிவைத்தேன். படிக்கப் படிக்க அது கெட்டிக்காரனாகும் என்பது என் கணக்கு.

பெட்டிகள் சுத்தமாகிவிட்டன. தாளாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் நூம்பலிலிருந்து ஒருவர் எழுத ஆரம்பித்தார். குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். பையன் எங்களிடம் நான்காம் வகுப்பு. ஸ்கூல் பஸ் வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, நூம்பல் பிள்ளைகள் அத்தனை லாரிக்கு நடுவில் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது, பஸ் உள்ளே திரும்பி வரவேண்டும் என்பதுதான் அவர் கோரிக்கை. அதை அவர் தினமும் எழுதினார். போனில் பேசிப் பேசியே டைப் செய்வார் போலிருக்கிறது. முற்றுப்புள்ளி கிடையாது. 'ஐயா வணக்கம் இன்னிக்கும் ஒரு தண்ணி லாரி பிள்ளைங்க பக்கத்துல வந்து பிரேக் போட்டான்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடும்.

ஆபீஸ் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, இந்த ஆளை இன்னாவாவது பண்ணேன். டிரான்ஸ்போர்ட்டுக்கு அனுப்பினா அவுங்க என்னைத் திட்டறாங்க. பதில் போடலன்னா இவரு மறுபடியும் எழுதறாரு. நான் நடுவுல மாட்டிகினு கீறேன்."

அவர் முகவரியை மட்டும் தடுத்தேன். அவர் மனைவியின் முகவரியிலிருந்து எழுதினார். அதையும் தடுத்தேன். தம்பியின் முகவரியிலிருந்து வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய நாற்பது கடிதங்களையும் மொத்தமாக அள்ளி ஃபில்டரிடம் கொடுத்து, இதெல்லாம் குப்பை, நன்றாகப் பார்த்துக்கொள் என்று படிக்க வைத்தேன். எந்த முகவரியிலிருந்து எழுதினாலும் அவர் எழுத்தை அது அடையாளம் கண்டுகொள்ளும். அடுத்த நாள் அவர் கடிதம் ஆபீஸுக்கு வரவில்லை. அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு தகப்பன் பிள்ளைகளின் உயிரைப் பற்றி எழுதியதைத் தள்ளிவிட்டோமே என்று அப்போது எனக்கு ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. டீ நன்றாக இருந்தது என்பதுதான் ஞாபகம் இருக்கிறது.

அதற்கு நான்கு மாதம் கழித்து, விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. காலை பத்தரை மணி வெயில். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே முகம் குப்புற விழுந்தாள். கைகால் இழுத்துக்கொண்டது. லேப் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். பி.டி. மாஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். தாடை கிழிந்து நான்கு தையல் போட்டார்கள். முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. ஏற்கெனவே அவளுக்கு வலிப்பு உண்டு என்பது ஆஸ்பத்திரியில் அவள் அம்மா வந்து சொன்ன பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை தாளாளர் அறைக்கு அந்த அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பு ஆசிரியை இருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். அந்த அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது. உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இப்படி ஒரு வியாதி இருக்குன்னா ஸ்கூலுக்குச் சொல்ல வேணாமாம்மா?" என்று தாளாளர் கேட்டார். "பெரிசா ஏதாவது ஆகியிருந்தா யாரு பொறுப்பு?"

"எழுதினேன் சார். ரெண்டு வாட்டி மெயில்ல எழுதினேன். ஜூன்ல ஒரு வாட்டி, போன வாரம் ஒரு வாட்டி. டைரில எழுதினா மத்த பசங்க பார்த்துட்டு கிண்டல் பண்ணுவாங்கன்னுதான் சார் மெயில்ல எழுதினேன். இதோ, போன்லயே கீது பாருங்க."

போனை என்னிடம் நீட்டினார். திரை ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. அனுப்பியவை என்ற இடத்தில் இரண்டு மெயில்கள் இருந்தன. ஆபீஸ் முகவரி ஓர் எழுத்து கூடப் பிசகவில்லை. நான் அதை என் கண்ணால் பார்த்தேன்.

"போய் செக் பண்ணிட்டு வாங்க" என்றார் தாளாளர்.

வெளியே வந்து அக்காவின் கம்ப்யூட்டரில் ஆபீஸ் பெட்டியைத் தேடினேன். இல்லை. அந்த இடத்தில் பொதுப்பெட்டி என் நினைவுக்கு வந்தது. வந்ததென்று தெளிவாகவே சொல்கிறேன். யுபிஎஸ் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் போகவில்லை. திரும்பி அறைக்குள் போனேன்.

"வரலை சார்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "சென்ட்டுன்னு போட்டு கீதே சார்?"

"போன்ல நெட் சரியில்லன்னா அப்படித்தாம்மா காட்டும். சென்ட்டுன்னு போடும், போயிருக்காது" என்றேன். வகுப்பெடுக்கிற குரலில் சொன்னேன். அப்படியெல்லாம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் போனை வாங்கி ஒரு தடவை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுடுங்க சார். எனக்கு இந்த போன் அவ்ளோவா தெரியாது. பக்கத்து ஊட்டுப் பொண்ணுதான் போன்ல மெயில் வெச்சுக் குடுத்துச்சு."

தாளாளர் ஒரு கடிதம் தயார் செய்யச் சொன்னார். மகளின் உடல்நிலையைப் பள்ளிக்குத் தெரிவிக்கத் தவறியது தன் பிழை, நடந்ததற்குப் பள்ளி பொறுப்பல்ல என்று. அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் டைப் செய்தவன் நான். பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தவன் நான். அந்த அம்மா முதல் வரியில் விரலை வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார். கீழே காட்டினேன். தமிழில் பெயரை எழுதி, இன்ஷியலை முன்னால் போட மறந்துவிட்டு, மறுபடி நுணுக்கி நுழைத்தார்.

நானும் ஆவடியில் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் பொதுப்பெட்டியைத் திறந்தேன். லாட்டரிக்கும் முடி வளரும் எண்ணெய்க்கும் நடுவில் வரிசை வரிசையாகத் தமிழ். விடுப்பு விண்ணப்பம். ஐயா வணக்கம். மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு. என் மகன் குறித்து. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நூறுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

மெயிலின் உள்விவரத்தைத் திறந்தால் எந்தக் காரணத்துக்கு எத்தனை மார்க் என்று ஃபில்டர் எழுதி வைத்திருக்கும். எல்லாத் தமிழ்க் கடிதத்திலும் காரணம் ஒன்றேதான். முன்னால் படித்ததை வைத்துப் பார்த்தால் இது நிச்சயம் குப்பை. அதற்கு மூன்றரை மார்க். நான் இறக்கிவைத்த வரம்பும் மூன்றரை. அந்த ஒரு காரணமே போதுமானதாகிவிட்டது.

சந்தேகம் தீர என் போனிலிருந்து ஆபீஸுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். 'வணக்கம். நலமாக இருக்கிறேன். நாளை வருகிறேன்.' அவ்வளவுதான். பொதுப்பெட்டியில் வந்து விழுந்தது. அதே மூன்று வாக்கியத்தை ஆங்கிலத்தில் அனுப்பினேன். ஆபீஸ் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

எப்படி நடந்தது என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. நல்ல மெயில் என்று நான் ஆரம்பத்தில் அதற்குப் படிக்கக் கொடுத்ததெல்லாம் ஆசிரியர்களின் ஆங்கில மெயில்கள். அதில் ஒரு வரி தமிழ் கிடையாது. குப்பை என்று கொடுத்ததில் மட்டும் நூம்பல்காரரின் நாற்பது கடிதங்கள் தமிழ். நீளமான தமிழ்ச் சொல்லை அந்த ஃபில்டர் முழுசாக வைத்துக்கொள்ளாது. துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். எந்தத் தமிழ்ச் சொல்லை வெட்டினாலும் அதே துண்டுகள்தான் கிடைக்கும். அவர் எழுத்தை அடையாளம் காண அது கற்றுக்கொள்ளவில்லை. தமிழ் என்றாலே குப்பை என்று கற்றுக்கொண்டுவிட்டது. பிறகு பெட்டியில் விழுந்த தமிழையெல்லாம் தினமும் படித்துப் படித்து அந்த எண்ணத்தை உறுதியாக்கிக்கொண்டது. அதற்கும் நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

கடிதங்களை வாசித்தேன். ஸ்கேலால் அடித்ததில் மகனின் விரல் முட்டி வீங்கியிருப்பதாக ஒரு தகப்பன் எழுதியிருந்தார். கோபமே இல்லாமல், 'கையில் அடிக்காமல் வேறு விதமாகக் கண்டித்தால் நல்லது' என்று. தமிழ் மிஸ் பாடம் நடத்துகிற அழகை மகள் வீட்டில் நடித்துக் காட்டுகிறாள், அவருக்கு என் வணக்கம் என்று ஒருவர். காதுகுத்துக்கு இரண்டு நாள் லீவு. யாருக்கும் பதில் போகவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய பெற்றோருக்கெல்லாம் அன்றன்றைக்கே பதில் போயிருந்தது.

நூம்பல்காரரின் கடைசிக் கடிதமும் இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தையது. 'ஐயா நீங்க பதில் போடாததால நானே தினமும் காலைல சிவப்புத் துணி ஒண்ணு எடுத்துகினு ரோட்டுல நின்னு பிள்ளைங்கள தாட்டி உடறேன் பதினாலு பிள்ளைங்க வருது எனக்கு லோடு இருந்தா என் சம்சாரம் நிக்குது இத உங்களுக்கு தெரிவிச்சுக்கறேன்' என்று எழுதியிருந்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த அம்மாவின் இரண்டு கடிதங்களைக் கடைசியாகத்தான் திறந்தேன். 'என் பொண்ணுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். வெயிலில் ரொம்ப நேரம் நிற்க வைக்க வேண்டாம். டீச்சருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.' இரண்டாவதில், 'அணிவகுப்பில் சேர்த்திருப்பதாகச் சொல்கிறாள். ஆசையாக இருக்கிறாள். நிழலில் நிற்க வைத்தால் போதும். தயவு செய்து பதில் போடவும்.'

ஃபில்டர் படித்ததையெல்லாம் அழித்தேன். வரம்பை மறுபடி ஐந்தாக்கினேன். தமிழ்க் கடிதங்களைப் பொறுக்கியெடுத்து ஆபீஸ் பெட்டிக்கு அனுப்பினேன். சர்வரில் ஒரு கோளாறு, சில மெயில்கள் தாமதமாக வந்திருக்கின்றன என்று அக்காவிடம் சொன்னேன். அவர் நல்லவர். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். நூம்பல்காரரின் கடைசிக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளரிடமே நேரில் போய்ச் சண்டை போட்டார். அடுத்த மாதத்திலிருந்து பஸ் நூம்பலுக்குள் திரும்பி வர ஆரம்பித்தது.

ஆனால் எல்லாக் கடிதத்தையும் நான் அனுப்பவில்லை. அந்த அம்மாவின் இரண்டையும் பொதுப்பெட்டியிலேயே விட்டுவிட்டேன். அவை வந்து சேர்ந்தால், நான் டைப் செய்த மன்னிப்புக் கடிதம் பொய் என்றாகிவிடும். அழிக்கவும் கை வரவில்லை. ஆறு நாள் அவை அங்கேயே கிடந்தன. தினமும் திறந்து, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன்.

ஏழாவது நாள் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். தாடையில் பிளாஸ்திரி. லேப் பீரியட் முடிந்து மற்ற பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்து நின்றாள். உடைந்த பல் தெரியாமலிருக்க உதட்டை மூடி மூடிப் பேசினாள்.

"சார், எங்கம்மா உங்களைக் கேட்டுகினு வரச் சொன்னாங்க."

"இன்னாம்மா?"

"மெயில் எப்படி கரெக்டா அனுப்பறதுன்னு சொல்லித் தருவீங்களாம். ஞாயித்துக்கெழம எங்கம்மாவுக்கு லீவாம். அன்னிக்கி நீங்க போன்ல சொன்னா கூடப் போதுமாம்."

அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி என்றிருப்பேன். அவள் போனதும் லேப் கதவைச் சாத்தினேன். நேராகத் தாளாளர் அறைக்குப் போய் நடந்தது முழுவதையும் சொன்னேன். நூம்பல்காரரின் கடிதங்களில் ஆரம்பித்து, நெட் சரியில்லை என்று நான் சொன்ன பொய் வரைக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"சரி பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணிட்டேன்."

"அந்தம்மா கையெழுத்துப் போட்டாச்சு. பொண்ணும் நல்லாயிருக்கா. இப்ப போய் எதுக்குக் கிளறணும்? விடுங்க தம்பி."

'விடுங்க' என்று அவர் சொன்னபோது என் உடம்பு லேசாகிவிட்டது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லப் போனவன் ஒரு நிமிடம் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போதுதான், நான் அவரிடம் போனதே அவர் இப்படிச் சொல்வார் என்று தெரிந்துதானோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மாவைத் தேடிப் போனேன். அவர்கள் வீடும் நூம்பலில்தான். பள்ளி ரெக்கார்டில் முகவரி இருந்தது. புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட நான்கு வாடகை வீடுகளில் கடைசி. அந்த அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ சார், நீங்களே வந்துட்டீங்களா? போன்ல சொன்னா போதும்னுதானே சொல்லி உட்டேன். உள்ள வாங்க."

பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். போனை எடுத்துச் சார்ஜரிலிருந்து பிடுங்கி, மெயிலைத் திறந்து, பாடம் கேட்கிற மாதிரி என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே சொன்னேன்.

"அம்மா, நீங்க எதுவும் கத்துக்க வேணாம். உங்க மெயில் ரெண்டுமே வந்துச்சு. எங்க சர்வர்தான் அதைக் குப்பைன்னு தள்ளிடுச்சு. அப்படித் தள்ளச் சொல்லி அதுக்குப் பழக்கினது நான்தான். அன்னிக்கி நெட் சரியில்லன்னு சொன்னது பொய். பொய்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

போன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நான் கரெக்டாத்தான் அனுப்பினேனா?"

"ஆமாம்மா."

"ரெண்டு வாட்டியுமா?"

"ரெண்டு வாட்டியும்."

அவர் கண் நிறைந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து உள்பக்கம் பார்த்து, "இன்னாங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அவர் கணவர் பனியனோடு வந்தார். ஆவடிப் பக்கம் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"சார், இப்ப சொன்னீங்கள்ல, அத இவர்கிட்ட ஒரு வாட்டி சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "ஒரு வாரமா இவரு என்கூடப் பேசறதில்ல. ஒரு லெட்டரு ஒழுங்கா அனுப்பத் தெரியாம பொண்ணு மூஞ்சிய கிழிச்சிட்டேன்னு எங்க மாமியார் ஊட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. நீங்க உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். முதல் தடவையை விட இரண்டாவது தடவை சொல்வது கஷ்டமாக இருந்தது. நான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தது என் வேலையைப் பற்றி. அந்த ஒரு வாரம் இந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கணவர் முழுவதையும் கேட்டார். "இன்னா சார் நீ," என்றார். "படிச்சவன்தானே நீ? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. அவ மேல எதுக்கு சார் போட்ட?"

தப்புதான் என்றேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முன்னால் சொல்ல முடியாமல், உள்ளே போய்விட்டார்.

"ஸ்கூல்ல நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேனே," என்றார் அந்த அம்மா. குரல் மாறியிருந்தது. "அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"அது எனக்குத் திரும்பி வேணும்."

திங்கட்கிழமை அவருடைய இரண்டு கடிதங்களையும் ஆபீஸ் பெட்டிக்கு அனுப்பினேன். அதோடு தாளாளருக்கு ஒரு மெயில் எழுதினேன். தமிழில். நடந்தது என்ன, யார் செய்தது, அந்த அம்மா கையெழுத்துப் போட்ட தாளை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. வகுப்பு ஆசிரியைக்கும் ஆபீஸ் அக்காவுக்கும் பி.டி. மாஸ்டருக்கும் அதன் நகலைப் போட்டேன். தாளாளருக்கு மட்டும் எழுதினால் மறுபடியும் 'விடுங்க' என்பார், நானும் விட்டுவிடுவேன் என்ற பயம். என்னை எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் கோபப்பட்டார். இந்தத் தடவை சத்தமாகவே. எல்லோருக்கும் நகல் போட்டதுதான் அவருக்கு ஆறவில்லை. இருந்தாலும் ஃபைலிலிருந்து தாளை உருவி மேசை மேல் வீசினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. மெயிலை மட்டும் வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். யுபிஎஸ் அறையிலிருந்த அந்தக் கம்ப்யூட்டரை நானே அணைத்து, ஒயர்களைச் சுருட்டிக் கட்டினேன். ஆபீஸ் அக்கா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அன்னிக்கி சர்வர் கோளாறுன்னு என்கிட்டயும் பொய்தானே சொன்ன? அத நம்பித்தானே நான் அத்தனை பேருகிட்டயும் அப்படியே சொன்னேன்" என்று பிறகு ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன்.

தாள் கைக்கு வந்த அன்று சாயங்காலமே அதை எடுத்துக்கொண்டு தையல் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வேலை விட்டு வருகிற கூட்டத்தில் அந்த அம்மா வந்தார். வாங்கிப் பிரித்து, தன் கையெழுத்துத்தானா என்று பார்த்தார். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கூட வந்த பெண்கள் யார் இது என்று கேட்டதற்கு, "பொண்ணு ஸ்கூல்ல வேலை செய்யறவரு" என்றார். அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அங்கே நிற்க முடிந்திருக்காது.

நூம்பல்காரரிடம் இன்றுவரை நான் எதுவும் சொல்லவில்லை. பஸ் நூம்பலுக்குள் வர ஆரம்பித்ததும் அவர் பள்ளிக்கு ஒரு பெட்டி ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தார். ஆபீஸில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டி என்னிடம் வந்தபோது, சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.